வாலிபர் கூட்டத்தில் யார் பேச வேண்டும்?

கேள்வி: சபையின் வாலிபர் ஐக்கியத்தை நடத்தும் பொறுப்பை ஆயர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். ஆனால், நான் செய்தி கொடுக்கும்போது பிள்ளைகள் கைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்வது, ஐயா?

பதில்: நீங்கள் பேசுவதைக் குறையுங்கள், தம்பி. 1881-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் கிறிஸ்தவ முயற்சி சங்கம் என்ற வாலிபர் அமைப்பைத் தொடங்கியபோது, பாடுவது தவிர ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதேனும் ஒரு பங்கை ஏற்பதாக அங்கத்தினர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். நம் ஊர்ச் சபைகளுக்கும் வந்த அந்த ஒழுங்கு தளர்ந்துபோனது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன். வேதவாசிப்பை ஒருவரிடமும் ஜெபத்தை மற்றொருவரிடமும் முந்தின வாரமே ஒப்படையுங்கள். பின்வரிசையில் சுவரில் சாய்ந்து உட்காரும் பையனிடம் வராதவர்களின் பெயர்ப்பட்டியலைக் கொடுத்து, அவர்கள் வீடுகளுக்கு அவனோடு நீங்களும் செல்லுங்கள். 18 வயது நிரம்பாதவர்களிடம் தனியே பேச நேர்ந்தால் அறைக்கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்கட்டும். இதில் தளர்வே கூடாது.