உறங்க மறுக்கும் அம்மா – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் மாலையில் மடிவதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்த பிறகே இதை எழுதத் துணிந்தேன். எங்கள் வீடு கேரள எல்லையோரத்தில், பாலக்காடு மாவட்டத்து வேலந்தாவளத்திலிருந்து உள்ளே பிரியும் சாலையில் இருக்கிறது. அம்மா 2002 முதல் 2022 வரை, எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், ஒரு நூற்பாலையில் சைடராக (நூற்கும் இயந்திரத்தைக் கவனித்து அறுந்த இழைகளை இணைப்பவராக) வேலை பார்த்தார். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நைட் ஷிப்ட்; ஆள் குறைந்தால் இரண்டு வாரம். அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.எட். வரை படித்தேன். சென்ற ஆண்டு அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போது கீமோ நடக்கிறது.

என் கேள்விகள் மூன்று. இரவு வேலைதான் இதற்குக் காரணமா? மருந்தைக் குறிப்பிட்ட மணிக்கு ஏற்றினால் பலன் கூடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்; விடியுமுன் பஸ் ஏறிப் போனாலும், ரத்தப் பரிசோதனை முடிவு வந்து எங்களுக்கு டிரிப் ஏறத் தொடங்கும்போது மதியம் ஒரு மணி ஆகிவிடுகிறது; நேரத்தை மாற்றித் தரும்படி கேட்க வேண்டுமா? மூன்றாவதுதான் அவசரமானது. உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ‘புற்றுநோய் தூங்கும்போதுதான் பரவுகிறது’ என்று ஒரு செய்தி அனுப்பினார். அன்று முதல் அம்மா இரவில் உறங்க மறுக்கிறார். விளக்கை அணைக்காமல், டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், “ராத்திரி முழிக்கறது எனக்கு என்ன புதுசா?” என்கிறார்.

பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

நான் மருத்துவன் அல்லன். இந்தத் துறையைப் பல ஆண்டுகளாக வாசித்து வருபவன் என்ற அளவில் மட்டுமே பதில் சொல்ல முடியும். மருத்துவமனையைப் பற்றிய குறிப்புகளை உங்கள் கடிதத்திலிருந்து நீக்கியிருக்கிறேன். மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்கான பதில் இன்று இரவே உங்கள் அம்மாவிடம் போய்ச் சேர வேண்டும்.

அந்த வாட்ஸ்அப் செய்தி வெறும் கட்டுக்கதை என்றால் எளிதாகத் தள்ளிவிடலாம். அதற்குப் பின்னால் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் உள்ள 30 பெண்களிடம் அதிகாலை 4 மணிக்கும் காலை 10 மணிக்கும் ரத்தம் எடுத்து, கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் அலையும் செல்களை எண்ணிய அந்த ஆய்வு, சூரிக் நகரத்து ஆய்வுக்குழு ஒன்றால் 2022-ல் வெளியிடப்பட்டது. கிடைத்த செல்களில் ஏறத்தாழ 78 விழுக்காடு, நோயாளிகள் உறங்கிக்கொண்டிருந்த 4 மணி மாதிரிகளில் இருந்தன. எலிகளிலும் அவை ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் இத்தகைய செல்கள் மிகுந்தன. எலி இரவில் திரியும் பிராணியாதலால் அதன் ஓய்வு நேரம் பகல். உடலின் ஹார்மோன்கள் நாள் முழுவதும் ஒரு கணக்கில் ஏறி இறங்குவதோடு இந்த உதிர்வும் சேர்ந்து நடக்கிறது என்பதே ஆய்வாளர்கள் கண்டது.

‘ஆகவே உறங்காதே’ என்ற முடிவு அதிலிருந்து வராது. விழித்திருந்தவர்களுக்கு நோய் குறைவாகப் பரவியது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வியை அது நோயாளிகளிடம் சோதிக்கவும் இல்லை. இரவில் ஆற்றில் மீன் அதிகம் நகர்கிறது என்று ஒருவர் எண்ணிச் சொன்னால், நாம் கரையில் விழித்திருப்பதால் மீன் நின்றுவிடாது. அந்த ஆய்வின் நேரடிப் பயன் வேறு: இந்தச் செல்களை எண்ணி நோயின் போக்கை அறிய முயலும் மருத்துவர்கள், ரத்தம் எடுத்த மணியையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது. இன்னொரு பக்கம், உறக்கமும் உடலின் அன்றாடத் தாளமும் குலைவது நோயாளிக்கு நல்லதல்ல என்பதற்கு வேறு சான்றுகள் இருக்கின்றன. கார்ட்டிசால் என்ற ஹார்மோன் காலையில் உயர்ந்து இரவில் தாழ வேண்டும். மார்பகப் புற்றுநோய் பரவிய நிலையில் இருந்த 104 பெண்களைப் பின்தொடர்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்த ஏற்ற இறக்கம் மழுங்கிப்போனவர்கள் மற்றவர்களைவிட விரைவில் இறந்திருந்தார்கள். இதையும் உங்கள் அம்மாவிடம் அப்படியே சொல்லிவிடாதீர்கள். ஓர் அச்சத்தை எடுத்து இன்னோர் அச்சத்தை வைப்பதாகிவிடும். உறங்கலாம், உறங்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும்.

இனி முதல் கேள்வி. உங்கள் கடிதத்தின் பாரம் முழுவதும் அதில்தான் இருக்கிறது என்பதை ‘அந்தச் சம்பளத்தில்தான்’ என்ற தொடர் காட்டிக்கொடுக்கிறது.

நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தார்கள். நைட் ஷிப்ட் என்பது அவற்றில் யாமமும் வைகறையும். அந்தப் பொழுதுகளை உடல் தானாகவே கணக்கு வைத்துக்கொள்கிறது. கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு, கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு தன்னைத் திருத்திக்கொண்டு, ஈரலுக்கும் குடலுக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் நேரம் சொல்கிறது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தனிக் கடிகாரமும் உண்டு: சில மரபணுக்கள் புரதம் செய்கின்றன, அந்தப் புரதம் திரண்டதும் தன் உற்பத்தியைத் தானே நிறுத்துகிறது, பிறகு சிதைகிறது, மீண்டும் உற்பத்தி தொடங்குகிறது, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். ஈக்களில் இந்த இயக்கத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செல் எப்போது பிளவுபட வேண்டும், பழுதான டி.என்.ஏ.வை எப்போது சீர்செய்ய வேண்டும் என்பதிலும் இந்தக் கடிகாரத்துக்குக் கை இருப்பதால்தான் புற்றுநோய் ஆய்வாளர்கள் இங்கே வந்தார்கள். இந்தக் கடிகார மரபணுக்களில் ஒன்றைப் பழுதாக்கிய எலிகளுக்குக் கதிர்வீச்சுக்குப் பிறகு கட்டிகள் மிகுதியாக வந்ததை 2002-ல் கண்டார்கள்.

எலியிலிருந்து மனிதருக்கு வரும்போது வழி கரடுமுரடாகிறது. அமெரிக்கச் செவிலியர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வு, 30 ஆண்டுகளுக்கு மேல் சுழற்சி முறையில் இரவுப் பணி செய்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் 36 விழுக்காடு அதிகம் என்று 2001-ல் சொன்னது. 2007-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் தாளத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை ‘பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வகையில் சேர்த்தது. 2019-ல் மீண்டும் ஆராய்ந்து, இரவுப் பணியை அதே வகையில் வைத்தது. இடையே 2016-ல், பிரிட்டனில் மிகப் பெரிய அளவில் பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வும் வேறு சில ஆய்வுகளும் சேர்ந்து, இரவுப் பணியால் மார்பகப் புற்றுநோய் கூடுவதாகத் தெரியவில்லை என்றன. அந்த முகமையின் வகைப்பாடு சான்று எவ்வளவு வலுவானது என்பதைக் குறிக்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அளக்கவில்லை. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் அதே வகையில்தான் இருக்கிறது.

36 விழுக்காட்டையே உண்மையென்று கொள்வோம். இரவுப் பணி இல்லாதபோது 100 பெண்களுக்கு நோய் வந்திருக்கும் இடத்தில், பணியோடு 136 பேருக்கு வருகிறது என்று அதற்குப் பொருள். அந்த 136 பேரையும் வரிசையாக நிறுத்தி, இரவு வேலையால் நோய் வந்த 36 பேர் யார் என்று கேட்டால், எந்தப் பரிசோதனையாலும் பிரித்துச் சொல்ல இயலாது. வயது, மரபு, மகப்பேறு, உடல் எடை என எத்தனையோ இழைகள் ஒன்றாக முறுக்கேறியிருக்கும் நூல் அது. ஆகவே ‘அம்மாவுக்கு மில் வேலையால்தான் வந்தது’ என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. அவருடைய சம்பளத்தில் படித்த மகளின் மேல் இந்தக் கணக்கு எந்த வழியிலும் வந்து விழாது.

ஒருவரளவில் பிரிக்க முடியாததை ஓர் அரசு பொதுவளவில் தீர்மானிக்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். முகமையின் 2007 அறிவிப்புக்குப் பிறகு டென்மார்க், வாரத்துக்கு ஓர் இரவாவது 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் சிலருக்கு, அதைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீடு கொடுத்தது. நம் பக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். பெண்களை மாலை 7 முதல் காலை 6 மணி வரை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்றிருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப் பிரிவை, சமத்துவத்துக்கு எதிரானது என்று 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. பெண்ணை வேலைவாய்ப்பிலிருந்து விலக்கி வைத்த பிரிவு அது என்பதால், நீக்கியதில் எனக்குக் குறை இல்லை. போக்குவரத்து, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு நிபந்தனைகள் வந்தன. உங்கள் அம்மாவை அழைத்துச் சென்றதும் அப்படியொரு மில் வண்டியாகத்தான் இருக்கும். வண்டி வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகு அந்த உடலுக்கு என்ன ஆகிறது என்பதை எந்த நிபந்தனையும் கேட்கவில்லை. இரவுப் பணி இன்றும் நம் தொழில்நோய்ப் பட்டியலில் இல்லை. குற்றவுணர்வு கொள்ள வேண்டியவர்கள் இருந்தால், ஷிப்ட் அட்டவணை போடும் இடத்தில் தேடலாம். உங்கள் வீட்டில் தேட வேண்டாம்.

 

இரண்டாவது கேள்வியைச் சுருக்கமாக முடிக்கலாம். மருந்தை நேரம் பார்த்து ஏற்றுவது பிரான்சில் லெவி என்ற மருத்துவரின் குழு பல ஆண்டுகள் உழைத்த துறை. பெருங்குடல் புற்றுநோயில் 186 பேரிடம் நடந்து 1997-ல் வெளியான சோதனையில், உடலின் தாளத்துக்கேற்ப ஏற்றியபோது கட்டி சுருங்கியவர்கள் 51 விழுக்காடு, ஒரே சீராக ஏற்றியபோது 29. வாய்ப்புண் போன்ற கடுமையான பாதிப்பு 76 விழுக்காட்டிலிருந்து 14 ஆகக் குறைந்தது. உங்கள் காணொளி இங்கே நின்றிருக்கும். அதற்குப் பின் 564 பேரிடம் நடந்து 2006-ல் வெளியான சோதனையில், மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை. ஆண்களுக்கு ஓரளவு நன்மை தெரிந்தது, பெண்களுக்கு நிலைமை மோசமாகவே இருந்தது. ஒருவருக்கு உகந்த மணி இன்னொருவருக்கு உகந்ததாக இருப்பதில்லை என்பதே அதிலிருந்து தெரிந்தது. மேலும் அவை தனிக் கருவி கொண்டு பல மணி நேரம் அளவை ஏற்றி இறக்கிச் செய்தவை. ஒரு மணிக்குத் தொடங்கும் டிரிப்பை எட்டு மணிக்கு மாற்றுவது அதற்கு ஈடாகாது. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்துகளைப் பகலின் முற்பகுதியில் ஏற்றுவது நல்லதா என்று இப்போது ஆராய்கிறார்கள். அது வேறு வகை மருந்து. ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே மருந்து கலக்க வேண்டும் என்பதால்தான் உங்களுக்கு ஒரு மணி ஆகிறது. டோக்கனுக்காக மருத்துவமனையோடு போராட வேண்டாம். கீமோ தேதி தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணியைவிடத் தேதிக்கு மதிப்பு அதிகம்.

உறக்கத்துக்காகக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கீமோவோடு வாந்தியைத் தடுக்கவும் ஒவ்வாமையைத் தவிர்க்கவும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுப்பது வழக்கம். அது உறக்கத்தைக் கலைக்கும். உங்கள் அம்மாவின் சீட்டில் அந்த மாத்திரை இரவு வேளைக்கு எழுதப்பட்டிருந்தால், அதை முற்பகலுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றிவிடாதீர்கள். உறக்கத்துக்கென்று விற்கும் மெலடோனின் மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லாமல் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது வெளிச்சத்தைச் சரிசெய்வது. கலிபோர்னியாவில், கீமோ எடுத்துக்கொண்டிருந்த மார்பகப் புற்றுநோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தினமும் காலையில் 30 நிமிடம் பிரகாசமான வெண்ணிற ஒளியும், மற்றவர்களுக்கு மங்கிய சிவப்பு ஒளியும் கொடுத்துப் பார்த்தார்கள். மங்கிய ஒளி பெற்றவர்களுக்குச் சோர்வு கூடியது, பிரகாச ஒளி பெற்றவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. அவர்கள் விளக்குப் பெட்டி வைத்துச் செய்ததற்கு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் வெயிலும் தடையில்லாமல் வரும் நம் ஊரில் ஒரு திண்ணை போதும். காலை 7 மணிக்கு அம்மாவை அங்கே உட்கார வையுங்கள். எழும் நேரம் நாள்தோறும் ஒன்றாக இருக்கட்டும். பகல் தூக்கம் அரை மணியைத் தாண்ட வேண்டாம். இரவு 9 மணிக்கு மேல் டியூப் லைட்டையும் டிவியையும் அணைத்துவிட்டு, அவர் தனியே இருக்க அஞ்சினால் ஒரு சிறிய இரவு விளக்கோடு நீங்களும் அதே அறையில் படுங்கள். 20 ஆண்டுகள் இரவில் விழித்தது சம்பளத்துக்காக. இப்போது விழிப்பதற்கு யாரும் கூலி தருவதில்லை என்று அவர் பாணியிலேயே சொல்லிப் பாருங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகும் உறக்கம் வரவில்லையென்றால், அடுத்த கீமோ வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.