கற்பித்தல் முறை ஒரு பக்கம், வானியல் ஒரு பக்கம்: சம்பந்தமில்லாத துறைகளில் ஒருவரே ஆய்வு செய்யலாமா?

இயற்பியல் படித்து பி.எட். முடித்திருக்கிறீர்கள், பி.எச்டி.க்குப் பதியப் போகிறீர்கள், கற்பித்தல் முறையும் பிடிக்கிறது, வானியலும் விடவில்லை, கைடு "ஏதாவது ஒன்றைப் பிடிங்க" என்கிறார். இரண்டிலும் செய்தால் ஆழமில்லை என்று ஒதுக்கிவிடுவார்களோ என்பதுதான் உங்கள் கேள்வி என்று புரிந்துகொள்கிறேன்.

செய்யலாம். ஆனால் "எனக்கு ரெண்டும் பிடிக்கும்" என்பதை எந்தக் கமிட்டியும் காரணமாக எடுத்துக்கொள்ளாது, எடுத்துக்கொள்ளவும் கூடாது. இரண்டு துறையையும் தானே கேட்கிற ஒரு விஷயம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அது இருந்தால் துறை தாண்டுவது ஆசையால் இல்லை, வேறு வழியில்லாததால்.

நான் கடலூரில் கணக்கு ஆசிரியர், கல்வியியலில் பி.எச்டி. என் தலைப்பு திண்ணைப் பள்ளிக் கணக்கு. எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலைப் பிள்ளைகள் கூட்டாகச் சொல்லிச் சொல்லியே மனதில் ஏற்றிக்கொண்டார்கள், முந்திரி என்றால் 320-இல் ஒன்று, காணி என்றால் 80-இல் ஒன்று, மா என்றால் 20-இல் ஒன்று, இந்தப் பின்னங்களை வைத்து எழுதாமலேயே பெருக்கிக் கூட்டினார்கள். இதை வெறும் மனப்பாடம் என்று தள்ளுவதா, அதற்குள் ஒரு கற்பித்தல் முறை இருக்கிறதா என்பதுதான் நான் கேட்க நினைத்தது. வானியல் என் திட்டத்திலேயே கிடையாது. பாண்டிச்சேரி நூலகங்களுக்குப் போய்வர ஆரம்பித்ததும் எதைப் புரட்டினாலும் கிரகணம் வந்து நின்றது.

லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளரைப் பற்றி இங்கே பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுக்கிரன் சூரியனைக் கடப்பதை அளக்கப் புதுச்சேரிக்குக் கிளம்பியவர், அதற்குள் 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்துவிட, ஜூன் 6 அன்று நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார். அடுத்த கடப்புக்காக எட்டு வருஷம் இந்தப் பக்கமே காத்துக்கிடந்து, ஊர் திரும்பவும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபின் புதுச்சேரியில் வானாய்வுக்கூடமெல்லாம் அமைத்துத் தயாரானால், 1769 ஜூன் மாதம் அந்தக் காலை மட்டும் மேகம். துரதிர்ஷ்டக்காரர் என்ற கதையாகவே இதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். அவர் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, தமிழ்க் கணக்கர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டுக் கற்று எழுதிவைத்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது, அன்றைக்கு ஐரோப்பா நம்பியிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது.

இந்த 41 விநாடி வாட்ஸ்அப்பில் நன்றாகச் சுற்றுகிறது. கூடவே சுற்ற வேண்டிய இன்னொரு கணக்கு சுற்றுவதில்லை. ஜான் வாரன் என்று ஒருவர், பிறப்பால் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயப் படையில் அதிகாரி. நீங்கள் கேட்ட "சம்பந்தமில்லாத துறைகள்" விஷயத்தில் இவரை மிஞ்ச ஆளில்லை: தென்னிந்தியாவை அளந்த லாம்டனோடு நில அளவை, 1802-இல் கோலாரில் தங்கம் பற்றிய விசாரணை, 1805 முதல் சில வருஷம் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பு, கடைசியில் இந்தியக் காலக்கணிதம் பற்றி 1825-இல் ஒரு பெரிய புத்தகம். 1830-இல் இறந்ததும் புதுச்சேரியில்தான். இவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்திக்கிறார். அந்த மனிதர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியே கிரகணக் கணக்குப் போடுகிறார், அட்டவணை எல்லாம் மனதில் வாக்கியங்களாக இருக்கிறது. 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்துக்கு அவர் சொன்னதில் தொடக்கம் 4 நிமிடம், நடு 23 நிமிடம், முடிவு 52 நிமிடம் பிசகியது. 41 விநாடியை மட்டும் சொல்பவர் பெருமை பேசுகிறார், 52 நிமிடத்தை மட்டும் சொல்பவர் மட்டம் தட்டுகிறார், ஆய்வு என்றால் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

ஆனால் கல்வியியல்காரனான என்னை நிறுத்தியது பிழையின் அளவு இல்லை. அந்தக் கணிதருக்கு வானியல் கோட்பாடு எதுவுமே தெரியாது என்கிறது வாரன் தரும் விவரம். நிழல் ஏன் விழுகிறது, நிலாவின் வேகம் ஏன் கூடிக் குறைகிறது, ஒன்றும் தெரியாமல், செய்முறை மட்டும் தெரிந்து, கிரகணத்தைச் சொல்லிவிட்டார். "புரிந்து படி, மனப்பாடம் பண்ணாதே" என்று பயிற்சி வகுப்புகளில் வருஷா வருஷம் கேட்கிறோமே, அந்த வாக்கியத்துக்கு முன்னால் இந்த மனிதரை உட்கார வைத்துப் பாருங்கள். புரியாமல் செய்தது அறிவில்லையா? பிழை வந்தபோது அவரால் திருத்த முடிந்திருக்குமா? என் பதில்: செய்முறை தலைமுறைகளைத் தாண்டி உயிரோடு வருவதற்கு மனப்பாடம் போதும், திருத்துவதற்குப் போதாது. சரி, இதை நிரூபிக்க வேண்டுமானால் அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று நான் தெரிந்துகொண்டாக வேண்டும். இப்படித்தான் வானியல் உள்ளே வந்தது.

வேலை செய்யும் விதம் அழகானது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நிலா பூமிக்கு அருகில் வரும்போது வேகமாகவும் தூரத்தில் மெதுவாகவும் நகரும். அருகிலிருந்து மறுபடி அருகுக்கு வரச் சுமார் 27.55 நாள். இது முழு எண் இல்லை, தொல்லை. ஆனால் ஒன்பது சுற்றைச் சேர்த்தால் ஏறக்குறைய சரியாக 248 நாள். ஆகவே 248 நாளுக்கும் நிலா எங்கே இருக்கும் என்று நாளுக்கு ஒரு வாக்கியம் செய்துவிட்டால் போதும், அப்புறம் திரும்பத் திரும்ப அதே வரிசை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு, வாக்கியத்தைச் சொன்னால் நிலாவின் இடம் எண்ணாக வந்துவிடும். மீதமாகும் சின்னப் பிசகைச் சரிக்கட்ட 3031 நாள் (110 சுற்று), 12372 நாள் (449 சுற்று) என்று பெரிய சுழற்சிகள். நம் வாக்கியப் பஞ்சாங்கத்துக்குப் பெயர் வந்தது இதிலிருந்துதான். 2025 மார்ச்சில் திருக்கணிதப்படி (இன்றைய வானியல் கணக்கைக் கொண்டு திருத்திய பஞ்சாங்கம்) சனிப்பெயர்ச்சி என்று ஊரெல்லாம் கிளம்ப, நாங்கள் வாக்கியப்படிதான், பெயர்ச்சி 2026-இல் என்று திருநள்ளாறு கோயில் அறிவித்ததே, அந்தச் சர்ச்சையின் ஒரு முனை இங்கே இருக்கிறது.

வாரன் எழுதிவைத்ததை நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஓட்டோ நாய்கபவர் என்ற வானியல் வரலாற்றாளர் எடுக்கிறார். கணிதம் படித்து, பாபிலோனியக் களிமண் பலகைகளுக்குப் போன மனிதர். 1952-இல் தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார், இந்த 248 பாபிலோனியப் பலகைகளிலும் இருக்கிறது, 248-உம் 3031-உம் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸிலும் இருக்கிறது என்று காட்டினார். புதுச்சேரிச் சோழிகளுக்கும் பாபிலோன் பலகைக்கும் இடையில் பாதை போட, கணிதமும் பழைய மொழியும் வானியலும் ஒரே ஆளிடம் தேவைப்பட்டது. இது மேலோட்டமா?

கற்பித்தல் பக்கமும் இதேபோல் ஊர் தாண்டிய ஒரு கதை உண்டு. சென்னை எழும்பூரில் 1789 முதல் ஓர் அநாதைப் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளியில் புகுத்தினார், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் முறையாக்கினார், 1797-இல் லண்டனில் அச்சிட்டார், இங்கிலாந்துப் பள்ளிகளில் அது மதராஸ் முறை என்றே பரவியது.

இனி கசப்பான பகுதி. என் ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டரல் கமிட்டி மீட்டிங்கில் ஓர் உறுப்பினர் "இது கல்வியியலா, வரலாறா, ஜோசியமா?" என்று கேட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள். கோபம் வந்தாலும், அவர் கேட்டதில் பாதி நியாயம். நுழையும் ஒவ்வொரு துறையிலும் நுழைவுச்சீட்டு வாங்கியாக வேண்டும், இலவசப் பாஸ் கிடையாது. வாக்கியங்கள் சமஸ்கிருதம், சுவடிகள் கிரந்த எழுத்து, ஆகவே கிரந்தம் படிக்கக் கற்றேன். கிரகண நேரத்தை நானே சரிபார்க்க எந்த நாளின் வானத்தையும் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் ஊரையும் தேதியையும் போட்டு உட்கார்ந்தேன், அது இலவசம், உங்கள் மாணவர்களுக்கும் காட்டுங்கள். எழுதியதை இயற்பியல்காரர் ஒருவரிடமும் சுவடி படித்தவர் ஒருவரிடமும் கொடுத்து, அவர்கள் சிவப்பு மையால் கிழித்ததைத் திருத்திய பிறகுதான் கைடிடம் கொண்டுபோனேன். சொல்லும் முடிவையும் சின்னதாகவே வைத்தேன்: எண்சுவடியும் நிலா வாக்கியமும் ஒரே மாதிரியான நினைவுப் பயிற்சியைக் கேட்கின்றன, அவ்வளவுதான். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று எழுதக் கை பரபரக்கும், ஆதாரம் இல்லாமல் எழுதினால் இரண்டு துறைக்காரர்களும் சேர்ந்து துரத்துவார்கள்.

இன்னொரு வகை "பல்துறை" இருக்கிறது, அதில் மட்டும் விழாதீர்கள். முதல் பக்கம் கற்பித்தல் முறை, அடுத்தது மண்புழு உரம், அதற்கடுத்தது கருந்துளை என்று எதை அனுப்பினாலும் சில நாளில் ஏற்றுக்கொண்டு, ஜிபே எண் அனுப்புகிற ஜர்னல்கள். பேப்பர் போட்டாக வேண்டும் என்ற அவசரத்தில்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். பி.எச்டி. சமர்ப்பிக்க முன்பே கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை யூஜிசி 2022 விதிகளில் எடுத்துவிட்டது, உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். நல்ல இதழ் எது என்று சொல்ல இருந்த யூஜிசி-கேர் பட்டியலும் 2025-இல் போய்விட்டது, தரம் பார்ப்பது இப்போது உங்கள் பொறுப்பு. நான் பார்ப்பது ஒன்றே: என் கட்டுரையை வானியல் தெரிந்தவர் ஒருவர், கல்வியியல் தெரிந்தவர் ஒருவர் படித்துக் கேள்வி கேட்டார்களா? கேட்காமல் அச்சானால் அதைப் பயோடேட்டாவில் போட எனக்குக் கூச்சம்.

நூலகம் என்று கேட்டால், புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். 1955-இல் அதைத் தொடங்கி நடத்திய ஜான் ஃபில்லியோசா முதலில் கண் மருத்துவர், பிறகுதான் இந்தியவியலாளர். ஒரே நிறுவனத்தில் சைவ ஆகமச் சுவடியும் காட்டு மரங்களின் மகரந்தமும் பாதுகாக்கப்படுகின்றன, இந்த ஊரின் சைவச் சுவடித் தொகுப்பு 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியது. கைடிடம் இதையெல்லாம் சொல்லி வாதாட வேண்டாம், அவர் சொல்வதில் உங்கள் மேல் உள்ள அக்கறையும் இருக்கும். சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில்) கேள்வியை ஒரே ஒரு வரியில் எழுதி, அதற்கு வானியல் எந்த இடத்தில், எவ்வளவு தேவை என்று அடுத்த வரியில் எழுதிக் காட்டுங்கள். அப்படியும் தயங்கினால், துறை கடந்த தலைப்புக்கு வெளித்துறையிலிருந்து கோ-கைடு வைத்துக்கொள்ள யூஜிசி விதியிலேயே இடம் இருக்கிறது, இயற்பியல் துறையில் சம்மதிக்கும் ஒருவரை நீங்களே முதலில் பேசிவைத்துவிட்டு அப்புறம் கைடிடம் பெயரைச் சொல்லுங்கள்.