நாதஸ்வரக் கசெற்றை கேமில் சேர்க்கலாமா?

தியாகராஜர் கீர்த்தனையை நாதஸ்வரத்தில் வாசித்த கசெற் ஒன்றை நீங்கள் செய்யும் கேமில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கேமை இலவசமாகக் கொடுத்தாலும் அந்தக் கசெற்றில் உள்ள வாசிப்பை அனுமதி இல்லாமல் சேர்க்க முடியாது.

தியாகராஜர் 1847இல் மறைந்தவர். கீர்த்தனைக்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நீங்கள் குழம்பியது இங்கேதான் என்று நினைக்கிறேன்: ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. இலங்கையில் 50 வருடம், இந்தியாவில் 60.

கசெற் உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். வட்டத்துக்குள் ‘P’ என்ற ஆங்கில எழுத்தும், பக்கத்தில் வருடமும் கம்பனிப் பெயரும் இருந்தால், முதலில் கேட்க வேண்டியது அவர்களிடம்தான்.

கிளிநொச்சியில்தானே இருக்கிறீர்கள்? திருவிழாவுக்கு வாசிக்கும் மேளக் குழு ஒன்றிடம் கேட்டுப் புதிதாகவே பதிவு செய்யலாம். எனக்கு அதுதான் பிடித்த வழி. ஆனால் வாய்ச்சொல் போதாது. என்ன கீர்த்தனை, எந்த கேம், எவ்வளவு பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம், மைக்கைத் தவிலுக்குக் கிட்ட வைக்காதீர்கள், சத்தம் உடையும்.