100 சிப்பம் ஏற்றியது ஓவர்லோடா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் சொந்த நிலத்தில் விவசாயம். தஞ்சாவூரில் டிராக்டர் டிரெய்லருக்கு நான்கு புது டயர் வாங்கி, அந்தக் கடையிலேயே மாட்டினேன். மூன்றாம் மாதம் குறுவை நெல் 100 சிப்பத்தை (மூட்டையை) கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிப் போகும்போது பின் டயர் வெடித்து, டிரெய்லர் வாய்க்காலில் சாய்ந்தது. 30 சிப்பம் நனைந்து வீண். கடைக்காரர் ‘ஓவர்லோடு’ என்று கைவிரிக்கிறார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். எதை வைத்து ஓவர்லோடு என்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய டிரெய்லர் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) சுமையோடு சேர்ந்த எடை 6,000 கிலோ, வெற்று எடை 1,600. 100 சிப்பம், 40 கிலோ வீதம் 4,000. ஆக 5,600, ஆர்.சி. அளவுக்குள்தான் இருக்கிறது. டயர் படத்தைப் பாருங்கள்: ‘117 ஏ8’. 117 சுமைக்கான எண், ஏ8 வேகத்துக்கான குறி. அதாவது 40 கி.மீ. வேகத்தில் ஒரு டயர் 1,285 கிலோ தாங்கும். நான்கும் சேர்த்து 5,140தான். ஆர்.சி. அனுமதிக்கும் 6,000க்குக் குறைந்தது 122 எண் (டயருக்கு 1,500 கிலோ) வேண்டும். ஆக, நீங்கள் ஏற்றியது அதிகமில்லை, அவர் கொடுத்த டயர்தான் வண்டிக்குப் போதாது. சுமை எங்கே சமமாக விழுகிறது? நானாயிருந்தால் 126 கேட்டிருப்பேன்.

கடைக்காரர் அடுத்து, ‘எந்த வண்டிக்கென்று சொல்லவில்லை, சைஸ் கேட்டார், கொடுத்தேன்’ என்பார். பழைய டயரைக் காட்டி ‘இதே சைஸ்’ என்று வாங்குவதுதானே நம்மூர்ப் பழக்கம். ஆனால் கடையிலேயே மாட்டியதால், வண்டியைப் பார்த்துத்தான் கொடுத்தார், அந்த வாதம் எடுபடாது. மாட்டுக்கூலி ரசீதைத் தேடி எடுங்கள். மீதி 70 சிப்பத்துக்குக் கொள்முதல் நிலையம் தந்த ரசீதும் வேண்டும். எவ்வளவு ஏற்றினீர்கள் என்பதற்கு அதுவும் சாட்சி.

வெடித்த டயரை ‘கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறேன்’ என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். தேவைப்பட்டால் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையமே ஆய்வகத்துக்கு அனுப்பும்.

முதலில் வக்கீல் நோட்டீஸ். பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருவாரூர் மாவட்ட ஆணையத்தில் புகார். கடை தஞ்சாவூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். வெடித்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. டயர் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. ஏற்றியது சொந்த நெல்தானே, நீங்கள் நுகர்வோர்தான். வாடகைக்கும் விடுகிறீர்கள் என்றால் ‘வணிக நோக்கம்’ என்று கிளப்புவார்கள், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டயர் விலையோடு நனைந்த நெல்லையும், டிரெய்லரைத் தூக்கிய ஜேசிபி வாடகையையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம், மீதி மூன்று டயரும் அதே 117தான். மாற்றாமல் சம்பா நெல்லை ஏற்றாதீர்கள். இன்னொன்று வெடித்தால், ‘தெரிந்தே ஓட்டினார்’ என்ற வாதத்தை நீங்களே கடைக்காரர் கையில் கொடுத்ததாகிவிடும். கழற்றியதையும் பழைய விலைக்குத் தள்ளிவிடாமல் கொட்டகையில் போட்டு வையுங்கள்.