போனேனா, போவேனா? பிரெஞ்சு ஆம்பார்ஃபேவுக்குத் தமிழ்வழி

கேள்வி: கடலூரிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ்ஸில் புதுச்சேரி வந்து பிரெஞ்சு படிக்கிறேன். டெல்ஃப் ஏ-2 என்ற பிரெஞ்சு மொழித்திறன் தேர்வு எழுதப் போகிறேன். ஆம்பார்ஃபே என்ற இறந்தகாலத்தின் வினைமுடிவுகள் மனப்பாடம். ஆனால் எங்கே ஆம்பார்ஃபே, எங்கே இன்னொரு இறந்தகாலமான பாஸே கொம்போஸே என்பது மட்டும் பிடிபடவே இல்லை. ‘நேற்று சந்தைக்குப் போனேன்’ என்பதற்கு ‘இயேர், ழாலே ஓ மார்ஷே’ என்று ஆம்பார்ஃபேயில் எழுதினேன், சிவப்புக் கோடு. சரி என்று, சின்ன வயதில் ஞாயிறு தோறும் பீச்சுக்குப் போனதை ‘ழெ சுயி ஆலே’ என்று பாஸே கொம்போஸேயில் எழுதினேன். அதற்கும் சிவப்புக் கோடு. என்னதான் செய்வது?

பதில்: இரண்டு கோடும் நியாயமானவைதான். நீங்கள் தமிழில் யோசித்து, ஆங்கிலம் வழியாகச் சுற்றி, பிரெஞ்சுக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தின் ‘வென்ட்’ நேற்றுப் போனதற்கும் பொருந்தும், ஞாயிறு தோறும் போனதற்கும் பொருந்தும். அங்கேதான் வழி தவறுகிறது. தமிழிலிருந்து நேராகப் போங்கள், பாதிச் சிக்கல் தீரும்.

உங்கள் பாட்டி பழைய கதை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ‘அப்போதெல்லாம் உங்க தாத்தா சாயந்திரம் திண்ணையில் உட்காருவார், நாலு பேர் வருவாங்க, ஊர்க்கதை பேசுவாங்க.’ தாத்தா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். ஆனாலும் வினை ‘உட்காருவார்’, ‘வருவாங்க’ என்றுதான் நிற்கிறது. இலக்கணப் புத்தகம் எதிர்காலம் என்று சொல்லும் இந்த வடிவத்தை, கடந்தகால வழக்கத்தைச் சொல்ல நாம் தினமும் பயன்படுத்துகிறோம். பிரெஞ்சில் அதே வேலையைச் செய்வது ஆம்பார்ஃபே. ‘ஞாயிறு தோறும் சில்வர் பீச்சுக்குப் போவோம்’ என்றால் ‘நூ ஸாலியோன்’. ‘நேற்று போனேன்’ என்றால் ‘ழெ சுயி ஆலே’.

‘தினமும் பஸ்ஸில் போனேன்’ என்றும் தமிழில் சொல்கிறோமே என்று கேட்பீர்கள். சொல்கிறோம். அப்போது ‘போனேன்’ இருக்கிற இடத்தில் ‘போவேன்’ போட்டுப் பாருங்கள். அர்த்தம் கெடவில்லை என்றால் ஆம்பார்ஃபே. ‘நேற்று சந்தைக்குப் போவேன்’ என்றால் யாரும் சிரிப்பார்கள். அது பாஸே கொம்போஸே.

இரண்டாவது அடையாளம் ‘கொண்டிருந்தது’. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் இடையே கரையைக் கடந்ததே, அதைச் சொல்லிப் பாருங்கள். மழை பெய்துகொண்டிருந்தது: இல் ப்ளவே. காற்று வீசிக்கொண்டிருந்தது: ல வான் சூஃப்ளே. விடியலுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம் (அன்றைக்கு யார் தூங்கினார்கள்!): நூ ஸதாந்தியோன். திடீரென்று மரம் விழுந்தது: அன் நார்ப்ர் எ தோம்பே. முதல் மூன்றும் ஆம்பார்ஃபே. அவை கதை நடக்கிற மேடை. மரம் விழுந்ததுதான் சம்பவம், அது பாஸே கொம்போஸே. டெல்ஃப் ஏ-2வில் சொந்த அனுபவத்தைக் குறைந்தது 60 சொற்களில் எழுதச் சொல்வார்கள். இரண்டு காலமும் கலந்து வந்தால்தான் அந்தப் பத்தி பத்தியாக இருக்கும்.

தமிழ் கொஞ்சம் காலை வாரிவிடும் இடம் ‘இருந்தேன்’. ‘நேற்று வீட்டில் இருந்தேன்’ என்பது நிலை, அதனால் ஆம்பார்ஃபே: ‘ழெத்தே’. ‘பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தேன்’ என்றால், பத்து வருஷம் என்று கணக்கு முடித்துச் சொல்லியாகிவிட்டது. ‘ழே அபித்தே’ என்று பாஸே கொம்போஸேதான் வரும். பத்து வருஷம் நீளமாயிற்றே, ஆம்பார்ஃபேயாகத்தான் இருக்கும் என்று என் வகுப்பில் வருஷா வருஷம் யாராவது வாதாடுவார்கள். நீளம் கணக்கில்லை. அளந்து மூடிவிட்டீர்களா என்பதுதான் கணக்கு. ‘மூன்று முறை போனேன்’ என்பதும் அப்படியே.

‘தெரியும்’ நமக்கு உதவுகிற சொல். ‘அது எனக்கு அப்பவே தெரியும்’ என்றால் ஆம்பார்ஃபே, ‘ழெ ல சாவே’. ‘தெரியவந்தது’ என்றால் பாஸே கொம்போஸே, ‘ழே ஸ்யூ’.

வினைமுடிவுகள் மனப்பாடம் என்கிறீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நிகழ்காலத்தில் ‘நூ’வோடு (நாங்கள்) வரும் வடிவத்தை எடுத்து, கடைசியில் உள்ள ஓ-என்-எஸ்ஸை வெட்டிவிட்டு, முடிவைச் சேருங்கள். நூ ஃபினிஸ்ஸோன், ழெ ஃபினிஸ்ஸே. நூ பிரெனோன், ழெ பிரெனே. இந்த வழிக்கு அடங்காதது ‘எத்ர்’ (இரு) ஒன்றுதான். ‘நூ’ வடிவமே இல்லாத ‘இல் ப்ளவே’, ‘இல் ஃபாலே’ (வேண்டியிருந்தது) போன்றவற்றை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தவறு நடப்பது எழுத்துக்கூட்டலில். ழெ (நான்), தூ (நீ), இல் (அவன்), இல்-பன்மை (அவர்கள்), இந்த நான்கு முடிவும் காதுக்கு ஒரே ‘ஏ’ ஒலி. தாளில் ஏ-ஐ-எஸ் இரண்டு முறை, ஏ-ஐ-டி, ஏ-ஐ-ஈ-என்-டி என்று பிரியும். ஆகவே டிக்டேஷனில் முடிவைக் கேட்டு எழுத முடியாது. எழுவாயைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ‘மான்ழே’ (சாப்பிடு) வினையில் ‘ஏ-ஐ’க்கு முன் ஒரு ஈ நிற்கும், இல்லாவிட்டால் ஜி-யின் ஒலி கடினமாகிவிடும். ‘நூ’, ‘வூ’ (நீங்கள்) வடிவங்களில் ஐ வந்துவிடுவதால் அந்த ஈ தேவையில்லை. ‘எத்யூதியே’யில் (படி) ‘நூ’வுக்கு இரண்டு ஐ அடுத்தடுத்து வரும். அது அச்சுப்பிழை அல்ல, பயந்து ஒன்றை அடித்துவிடாதீர்கள்.

வகுப்பில் அடுத்து ‘சி’ வாக்கியம், அதாவது நிபந்தனை வாக்கியம், வரும். ‘பணம் இருந்தால் வாங்குவேன்’ என்பதில் ‘இருந்தால்’ எதிலிருந்து பிறந்தது? ‘இருந்த’ என்ற இறந்தகால அடியிலிருந்து. பிரெஞ்சும் அப்படித்தான், ‘சி’க்குப் பின் ஆம்பார்ஃபே: சி ழாவே த லார்ழான். ‘பீச்சுக்குப் போனால் என்ன?’ என்பதும் ‘சி ஓன் நாலே ஆ லா பிளாழ்?’ ஆகும். கடையில் ‘ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்’ என்று நாம் தணிந்து சொல்வதைப் பிரெஞ்சுக்காரர் ‘ழெ வூலே’ (விரும்பினேன்) என்று ஆம்பார்ஃபேயில் தொடங்குவார். வாய்மொழித் தேர்வில் கேள்வி புரியாவிட்டால், திரும்பக் கேட்க அதையே சொல்லித் தொடங்குங்கள்.