மக்காச்சோளம் தின்ற ஹாம்ஸ்டர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அருகிவரும் காட்டு எலிகளைக் கூண்டில் வைத்துப் பெருக்குவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஓரிடத்தில் என்னால் உடன்பட முடியவில்லை. அவற்றுக்கு என்ன தீனி கொடுப்பது என்று கண்டுபிடிக்கவே ஆண்டுக்கணக்கில் ஆய்வு தேவை என்கிறீர்கள். எங்கள் கல்லூரி விலங்குக் கூடத்தில் வெள்ளை எலிகளுக்குத் தீவன வில்லையும் தண்ணீரும்தான். கொழுகொழுவென்று இருக்கின்றன, குட்டி போட்டுக்கொண்டே இருக்கின்றன. எலி எதையும் தின்னும் பிராணி அல்லவா? நான்கு தானியங்களை வைத்துப் பார்த்து, எதை அதிகம் தின்கிறதோ அதையே கொடுத்தால் போதாதா? பிரான்ஸில் ஹாம்ஸ்டர் என்ற கொறிவிலங்கு தன் குட்டிகளைத் தின்றதற்கும் உணவுக்கும் முடிச்சுப் போடுகிறீர்கள். அடைபட்ட எலி மிரண்டுபோய்க் குட்டியைத் தின்பது எங்கள் கூடத்திலும் நடப்பதுதான். முதுகலை ஆய்வுக்கு வயல் எலிகளின் உணவு விருப்பத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு விலங்கியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கூடத்து வெள்ளை எலியை மற்ற கொறிவிலங்குகளுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். நூறாண்டுக்கும் மேலாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்து, கூண்டு வாழ்க்கைக்கு ஒத்துவந்தவை மட்டுமே தேர்ந்து பெருக்கப்பட்ட வம்சம் அது. அதன் தட்டில் விழும் வில்லையும் எளிதில் கிடைத்ததல்ல. எந்தச் சத்தை நிறுத்தினால் எலிக்கு என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத்தான் உயிர்ச்சத்துகள் பலவற்றையே நாம் அறிந்தோம். நம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன், இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டதும் அந்த வரலாற்றில் ஒரு பகுதி. அத்தனை உழைப்புக்குப் பிறகு வந்த வில்லையைப் பார்த்துவிட்டு, எலிக்குத் தீனி கொடுப்பதில் என்ன சிரமம் என்று கேட்கக் கூடாது.

காட்டு இனங்கள் பல அப்படி எதையும் தின்பவை அல்ல. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் அமர்கோசா ஆற்றை ஒட்டிய சதுப்புகளில் மட்டுமே வாழும் வோல் என்ற சிறிய கொறிவிலங்குக்கு ஒரு கோரைதான் உணவு, அதுவேதான் மறைவிடம். சதுப்பு காய்ந்துகொண்டிருந்த 2014-இல் அதன் இளங்குட்டிகளைப் பிடித்து, டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வளர்க்க வேண்டியதாயிற்று.

ஹாம்ஸ்டருக்கு வருகிறேன். நம் ஊர் செல்லப்பிராணிக் கடைகளில் பார்ப்பது அல்ல இது. ஐரோப்பிய ஹாம்ஸ்டர் அதைவிட மிகப் பெரியது. பழுப்பு முதுகு, கரிய வயிறு, பக்கங்களில் வெள்ளைத் திட்டுகள். தானியத்தைக் கன்னப்பைகளில் அடைத்துக்கொண்டு போய் வளையில் கிலோக் கணக்கில் சேர்த்து, குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும். பிரான்ஸில் ஆல்சாஸ் சமவெளியில் மட்டுமே இருக்கிறது. ஒருகாலத்தில் விவசாயிகள் பொறி வைத்துக் கொன்ற விலங்கு. 1993 முதல் அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் குறைந்துகொண்டே போனது. அதைக் காக்க பிரான்ஸ் போதிய அளவு செய்யவில்லை என்று 2011-இல் ஐரோப்பிய நீதிமன்றமே தீர்ப்பளித்தது. 2020-இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் சிவப்புப் பட்டியலில் மிக உச்சமான ஆபத்துப் பிரிவுக்கு அந்த இனம் போய்விட்டது.

அந்தச் சமவெளியில் கோதுமையும் தீவனப் பயிர்களும் காய்கறிகளும் கலந்திருந்த நிலத்தைச் சில பத்தாண்டுகளில் மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. அதனால் என்ன கெடுதல் என்று பார்க்கத்தான் ஸ்ட்ராஸ்பர்க்கில் மதில்ட் டிஸியேயும் சக ஆய்வாளர்களும் கூண்டில் பிறந்த ஹாம்ஸ்டர்களை எடுத்துக்கொண்டார்கள். சில தாய்களுக்குக் கோதுமை, சிலவற்றுக்கு மக்காச்சோளம். கூடவே தீவனப் பயிராக வளர்க்கும் குளோவர் அல்லது மண்புழு. முடிவை 2017-இல் வெளியிட்டார்கள். ஈன்ற குட்டிகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் கோதுமை தின்ற தாய்களின் குட்டிகளில் ஐந்தில் நான்கு பால்குடி மறக்கும் வரை பிழைத்தன. மக்காச்சோளம் தின்றவற்றின் குட்டிகளில் நூற்றுக்கு ஐந்துதான்.

மற்றவற்றைத் தாயே தின்றுவிட்டது. ஆள் உள்ளே வந்தால் கூண்டுக்குள் வட்டம் வட்டமாக ஓடியது, தீவனத் தட்டை அடித்தது. நாக்கு கறுத்திருந்தது, இரத்தம் கெட்டியாக இருந்தது. குட்டிகளைக் கூட்டில் வைத்துக் காக்காமல், தான் சேர்த்துவைத்த மக்காச்சோளக் குவியலின் மேல் கொண்டுபோய்ப் போட்டு, உயிரோடு இருக்கும்போதே தின்றது. இதைப் படித்தபோது எனக்கு அந்தத் தாயின் மேல் கோபம் வரவில்லை, பெரும் இரக்கம்தான் வந்தது. தன் குட்டி எது, தன் தீனி எது என்று பிரித்தறியக்கூட அதற்கு முடியாமல் போயிருக்கிறது.

நீங்கள் சொல்லும் மிரட்சி காரணமாக இருந்திருந்தால், கோதுமை தின்ற தாய்களிடமும் இது இதே அளவில் நடந்திருக்க வேண்டும். அவையும் கூண்டில்தான் இருந்தன. மக்காச்சோளத்தோடு பி3 உயிர்ச்சத்தைச் சேர்த்துக் கொடுத்ததும் தாய்கள் குட்டிகளை ஒழுங்காக வளர்த்தன. கூண்டை மாற்றவில்லை, ஆட்களை மாற்றவில்லை, இல்லாத ஒரு சத்தை மட்டும் சேர்த்தார்கள். உங்கள் கூடத்தில் குட்டி தின்னும் எலிகளுக்குக் காரணம் மிரட்சியாகவே இருக்கலாம். அதை இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது.

மக்காச்சோளத்தில் பி3 இருக்கிறது, ஆனால் பெரும்பகுதி உடல் ஏற்க முடியாதபடி பிணைந்து கிடக்கிறது. அந்தச் சத்தை உடல் தானே தயாரித்துக்கொள்ள உதவும் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலமும் அதில் குறைவு. மெக்ஸிகோவின் பழங்குடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அந்தப் பிணைப்பை அவிழ்த்தார்கள். ஐரோப்பா தானியத்தை மட்டும் எடுத்துக்கொண்டது, பக்குவத்தை விட்டுவிட்டது. மக்காச்சோளக் கஞ்சியே கதி என்றிருந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு போய், புத்தி பேதலிக்கும் பெல்லாக்ரா வந்தது. ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் 1735-லேயே அதை விவரித்திருக்கிறார். பெல்லாக்ராவைப் போலவே நாய்களுக்கு வரும் கறுநாக்கு நோயை நிகோடினிக் அமிலம், அதாவது இந்த பி3 உயிர்ச்சத்து, குணமாக்குகிறது என்று 1937-இல் அமெரிக்காவில் கான்ராட் எல்வெஹேம் காட்டிய பிறகே முடிச்சு அவிழ்ந்தது. தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களிடம் பெல்லாக்ரா இருந்ததை, சேலத்தில் பிறந்த சி. கோபாலன் ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆராய்ந்தார். மனிதர்களிடம் இவ்வளவு கண்டறிந்த பிறகும், வயலில் ஒரு விலங்கு இதே குறையால் அழியக்கூடும் என்று கூண்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

அதிகம் தின்பதையே கொடுக்கலாமே என்ற உங்கள் கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. அந்தத் தாய்கள் மக்காச்சோளத்தை ஒதுக்கவில்லை. சேமித்துக் குவித்தன. கொறிவிலங்குகள் பலவும் சூரியகாந்தி விதையை வைத்தால் மற்றதை விட்டுவிட்டு அதைத்தான் பொறுக்கும். அதில் கொழுப்பு மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. விலங்கின் நாக்கு வளமான காட்டில் சரியாக வழிகாட்டலாம். தட்டில் நாம் வைத்த நான்கு பொருள்களுக்குள் அது தேடுவது இல்லாமலே போகலாம்.

ஆய்வைக் கட்டாயம் செய்யுங்கள். தட்டில் குறைந்த எடையெல்லாம் தின்ற எடை என்று எழுதிவிடாதீர்கள். எலி எட்டாத இடத்தில் அதே தீனியை ஒரு தட்டில் வைத்து, இரவில் எவ்வளவு ஈரம் காய்ந்து எடை குறைகிறது என்று பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பஞ்சுக்கு அடியிலும் மூலைகளிலும் பதுக்கியதைத் தேடி எடுத்து நிறுத்துப் பாருங்கள். சில எலிகள் உணவைவிட மூலையை விரும்பும், ஆகவே தட்டுகளை இரவுக்கு இரவு இடம் மாற்றுங்கள். புதிய தீனியை முதல் இரவுகளில் தொடாமல் விடுவது எலிகளின் வழக்கம். பிடிக்கவில்லை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். எந்த வயலில் பிடிக்கிறீர்களோ அங்கே வரப்பில் என்ன புல், என்ன பூச்சி, அறுவடைக்குப் பின் என்ன மிஞ்சுகிறது என்பதையும் எழுதி வையுங்கள். ஆல்சாஸில் இப்போது விவசாயிகளோடு ஒப்பந்தம் செய்து கோதுமையும் தீவனப் பயிரும் போடச் சொல்கிறார்கள், கூண்டில் பெருக்கிய ஹாம்ஸ்டர்களை அந்த நிலங்களில் விடுகிறார்கள். சுற்றிலும் மக்காச்சோளம் மட்டும் இருந்தால் விட்டுப் பயனில்லை.

உங்கள் வழிகாட்டி சம்மதித்தால் ஒரு ஈற்றுக் காலம் முழுவதும் தொடருங்கள். எத்தனை கிராம் தின்றது என்ற பட்டியலுக்குப் பக்கத்திலேயே, எத்தனை குட்டிகள் பால் மறந்தன, அப்போது என்ன எடை இருந்தன என்றும் இரண்டு நெடுவரிசைகள் சேர்த்துவிடுங்கள். அட்டவணை தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.