நிமிடமும் அங்குலமும்: ஆடைத் தொழிலில் வேலையும் வருமானமும் – கேள்வி பதில்

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்து, உயர்தரம் எழுதிய கையோடு ஆடைத் தொழிற்சாலையில் மெஷின் இயக்குநராகச் சேர்ந்தவள் நான். பிறகு மாதிரித் தையல், அதன்பின் துணி வெட்டுவதற்கான வடிவத் துண்டுகளை வரையும் பெட்டர்ன் பிரிவு என்று இருபத்தொரு ஆண்டுகள் இத்துறையிலேயே கழிந்தன. மலையகத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுள் ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்து, இயன்றவரை ஒளிவுமறைவின்றிப் பதிலளித்திருக்கிறேன்.

லிந்துலை, உயர்தர மாணவி: சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிறேன், அக்கா. ஃபெஷன் டிசைனராக வேண்டும் என்பது ஆசை. "தையற்காரியாவதற்குக் கம்பஸ் எதற்கு?" என்று அப்பா கேட்கிறார். இதில் சம்பாதிக்க முடியுமா?

முடியும். ஆனால் உங்கள் மனத்திலுள்ள டிசைனர் வேறு, இலங்கையில் மாதச் சம்பளம் பெறும் டிசைனர் வேறு. இங்குள்ள பெருந்தொழிற்சாலைகள் தைப்பவை வெளிநாட்டு வணிகப் பெயர்களுக்கான ஆடைகள். அடுத்த பருவத்துக்கு எந்த நிறம், எந்த வடிவம் என்ற முதல் முடிவு பெரும்பாலும் அந்த நாடுகளிலேயே எடுக்கப்படுகிறது. எனினும் எம்.ஏ.எஸ்., பிரண்டிக்ஸ், ஹிர்தராமணி போன்ற குழுமங்கள் கூலித் தையலோடு நின்றுவிடாமல், தாமே மாதிரிகளை உருவாக்கி வாங்குவோருக்குக் காட்டும் நிலைக்கு எப்போதோ வந்துவிட்டன. டிசைன் பட்டதாரிகளுக்கு நிலையான வேலை இருப்பது அத்தகைய உற்பத்தி மேம்பாட்டுப் பிரிவுகளில்தான்.

அரசாங்கச் செலவில் படிப்பதற்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஃபெஷன் டிசைன் மற்றும் உற்பத்தி மேம்பாட்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளி மட்டும் போதாது. தனியாக விண்ணப்பித்து உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். அந்த அறிவித்தலைக் கவனிக்காமல் வாய்ப்பை இழந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை இப்போதே வாங்கி, உங்கள் பாடச் சேர்க்கை பொருந்துகிறதா என்று பாருங்கள். கற்பித்தல் ஆங்கில மொழியில். கொழும்பில் ஏ.ஓ.டி. போன்ற தனியார் கல்லூரிகளும் நல்ல பெயர் பெற்றவை. ஆயினும் அங்குள்ள கட்டணம் தோட்டக் குடும்பமொன்று கடன்படாமல் கட்டக்கூடியதல்ல.

சொந்தப் பெயரில் உடைகளை வெளியிட்டு வாழ்வோரும் இருக்கின்றனர். 2003 முதல் நடைபெறும் கொழும்பு ஃபெஷன் வாரம் அவர்களுள் சிலருக்கு மேடையாக அமைந்தது. ஆனால் முதலில் சில ஆண்டுகள் வருமானமின்றித் தாக்குப்பிடிக்கக் கையில் பணமுள்ளவர்களுக்கே அந்த வழி எளிது. தையல் தெரியாத டிசைனரை மாதிரி அறையில் ஒருவரும் மதிப்பதில்லை என்பதால், அப்பா சொல்லும் தையலையும் இந்த விடுமுறையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

பொகவந்தலாவை, இளம்பெண்: கொழுந்து பறிப்பதைவிடக் கார்மண்டில் உண்மையிலேயே கூடுதலாகக் கிடைக்குமா?

முதல் ஆண்டில் கையில் மிஞ்சுவதை மட்டும் பார்த்தால், கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். 2024 இல் 1,350 ரூபாவான தோட்ட அடிப்படை நாட்சம்பளம், 2026 வரவுசெலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. மாதத்தில் இருபத்தைந்து நாள் பேர் விழுந்தால், அதாவது முழுநாள் சம்பளம் பதியப்பட்டால், அது 43,750 ரூபா. அத்தனை நாள் வேலை கொடுக்கப்படுகிறதா, நிறுவையில் கிலோ குறைந்து அரைப்பேர் ஆகிறதா என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள்.

தொழிற்சாலையில் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளமான 30,000 ரூபாவுக்குக் கீழே போக முடியாது; 2026 ஜனவரி முதல் அதுவே சட்டம். அதன்மேல் வருகைப் படி, உற்பத்தி ஊக்கத்தொகை, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்று ஏறும். அதே வேளை போர்டிங் வாடகை, சாப்பாடு, ஊருக்குப் போய்வரும் பஸ் செலவு என்று இறங்கவும் செய்யும்.

ஊக்கத்தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தையல் வேலைக்கும் நியம நிமிடம், அதாவது அதை முடிக்க ஒதுக்கப்பட்ட நேரம், ஒன்று உண்டு. பக்கத் தையல் ஒன்றுக்கு அரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணித்தியாலத்தில் 480 நிமிடங்கள் இருப்பதால், 960 துண்டுகள் தைத்தால் நூறு வீதத் திறன். நீங்கள் 720 தைத்திருந்தால், அவற்றுக்குரிய நியம நிமிடங்கள் 360, திறன் 75 வீதம். ஊக்கத்தொகை இந்த வீதத்தைப் பொறுத்ததே. கொழுந்துக்குத் தராசு எப்படியோ, கார்மண்டுக்கு இந்த நிமிடம் அப்படி. நான் முதலில் சேர்ந்த இடத்தில் எட்டு மாதங்கள் இந்தக் கணக்குத் தெரியாமலே டார்கட்டுக்குப் பின்னால் ஓடினேன். துணி வராமல் மெஷின் சும்மா நின்ற நேரமும் என் கணக்கிலேயே எழுதப்பட்டு வந்தது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. அவ்வாறு நின்ற நேரத்தைத் தனியாகப் பதியச் சொல்லுங்கள். சுப்பவைசர் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

இரண்டு வேலைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஐந்தாம் ஆண்டில்தான் தெரியும். மலையில் ஐந்து ஆண்டு பறித்தவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் நாட்சம்பளம் ஒன்றே. தொழிற்சாலையில் நான்கு வகை மெஷின்களை ஓட்டத் தெரிந்தவர் மாதிரித் தையலுக்கோ தரக் கட்டுப்பாட்டுக்கோ லைன் பொறுப்புக்கோ போக வழி இருக்கிறது. அந்த ஏணியில் ஏறும் எண்ணம் இல்லாமல் வெறும் இயக்குநராகவே இருக்கப்போவதானால், வீட்டைவிட்டுப் போவது இலாபமா என்று இரண்டு முறை யோசியுங்கள்.

ஹாலி எல, இளைஞர்: இது பெண்களின் தொழில் என்கிறார்கள். ஆண்களுக்கு இடமுண்டா?

தையல் லைனில் பெண்களே அதிகம். ஆனால் துணி வெட்டும் பகுதியிலும் மெஷின் பழுதுபார்ப்பிலும் பெரும்பாலும் ஆண்களைத்தான் காண்பீர்கள். தம்பி, உங்களுக்கு நான் முதலில் சொல்வது தையல் மெஷின் மெக்கானிக் வேலையை. ஜுக்கி மெஷினோ ஓவர்லொக்கோ ஒரு மணித்தியாலம் நின்றுவிட்டால் முழு லைனும் திணறும் என்பதால், கை தேர்ந்த மெக்கானிக்கை இழக்க எந்த முகாமையாளரும் விரும்புவதில்லை. ஊர் திரும்பினாலும் தையற்கடைகளின் மெஷின்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கலாம். கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு இருந்தால் மொறட்டுவையில் புடவை மற்றும் ஆடைப் பொறியியல் படிக்கலாம். தொழிற்சாலை முகாமையாளர் நாற்காலிக்குப் போகும் நேர்வழி அது.

பதுளை, வணிகப் பிரிவு மாணவி: மேர்ச்சண்டைசர் என்பவர் என்ன செய்கிறார்?

வாங்குபவருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நிற்பவர். விலை பேசுவது, துணியும் பொத்தானும் நேரத்துக்கு வந்தனவா என்று பார்ப்பது, மாதிரிக்கு ஒப்புதல் பெறுவது, கப்பல் நாள் தவறாமல் காப்பது எல்லாம் அவர் தலையில்தான் விழும். வணிகப் பிரிவு படித்தவர்களுக்கு நன்றாகப் பொருந்தும் வேலை. சம்பளமும் அனுபவத்தோடு வேகமாக உயரும். பட்டம் இல்லாவிட்டாலும் உதவியாளராகச் சேரலாம். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத முடியாவிட்டால் மட்டும் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. தொழிற்சாலைத் தளத்தில் பேசச் சிங்களமும் வேண்டும். அது நம் பிள்ளைகளுக்குப் பழகிய மொழிதான்.

ஹட்டன், இரு பிள்ளைகளின் தாய், முன்னாள் மெஷின் இயக்குநர்: பட்டம் இல்லாதவர்களுக்கு இத்துறையில் நல்ல வருமானம் தரும் திறமை எது?

பெட்டர்ன். இதில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன். ஓர் ஆடையின் செலவில் பெரும்பங்கு துணிக்கே போகிறது. பெட்டர்ன் துண்டுகளைத் துணியின் அகலத்துக்குள் நெருக்கி அடுக்கும் வரைபடத்தை மார்க்கர் என்போம். 50,000 சட்டைகளுக்கான ஓடரில் சட்டை ஒன்றுக்கு ஒன்றரை மீற்றர் துணி என்றால், மொத்தம் 75,000 மீற்றர். மார்க்கர் போடுபவர் அதில் ஒரு வீதத்தை மிச்சப்படுத்தினாலே 750 மீற்றர், அதாவது 500 சட்டைகளுக்கான துணி, மிஞ்சுகிறது. ஒருவர் கதிரையில் அமர்ந்தபடி இவ்வளவு மிச்சம்பிடித்துக் கொடுக்கும்போது அவருக்குச் சம்பளம் கூட்டிக் கேட்கும் துணிவும் தானாக வருகிறது.

இன்று இவ்வேலை கணினியில்தான் நடக்கிறது. கேர்பர், லெக்ட்ரா ஆகிய மென்பொருள்கள் பெருந்தொழிற்சாலைகளில் பழக்கமானவை. 2021 இல் லெக்ட்ரா நிறுவனமே கேர்பரை வாங்கிவிட்டது. க்லோ போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் ஆடையைத் தைக்காமலே திரையில் உடுத்திப் பார்க்கலாம். எனினும் காகிதத்தில் கையால் பெட்டர்ன் வரையத் தெரியாதவர் கணினியில் தவறையே வேகமாகச் செய்வார். தையல் தளத்தில் இருந்தவருக்கு, கை வளைவில் கால் அங்குலம் கூடினால் தையலில் என்ன நேரும் என்பது விரலிலேயே தெரியும். அந்த அறிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அக்கா.

முறையாகக் கற்பதற்கு இரத்மலானையில் ஸ்லிட்டா என்று அழைக்கப்படும் இலங்கைப் புடவை மற்றும் ஆடை நிறுவனம் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதென்றால், உங்கள் மாவட்டத்தின் தொழிற் பயிற்சி அதிகார சபை நிலையத்திலும் ஹட்டனிலுள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்திலும் இவ்வாண்டு என்னென்ன பயிற்சிகள் நடக்கின்றன என்று நேரில் கேளுங்கள். பல ஆண்டுகள் மெஷின் ஓட்டிய உங்களைப் போன்றோர், மீண்டும் வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தை மதிப்பிடச் செய்து என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறவும் வழியுண்டு. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள்.

நாவலப்பிட்டி, வீட்டில் தைப்பவர்: பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். நாள் முழுதும் தைத்தும் மாத முடிவில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பக்கத்து வீட்டார் வாங்கும் கூலியைப் பார்த்து நீங்களும் கூலி வைத்திருப்பீர்கள். தொழிற்சாலையின் நிமிடக் கணக்கை வீட்டுக்கும் கொண்டுவாருங்கள். மாதம் 60,000 ரூபா வேண்டும், சமையலும் பிள்ளைகளும் போக நாளுக்கு ஆறு மணித்தியாலம் தைக்க முடியும், மாதத்தில் 25 நாள் என்றால் 150 மணித்தியாலம் ஆகிறது. மணித்தியாலத்துக்கு 400 ரூபா. லைனிங் வைத்த பிளவுஸுக்கு இரண்டரை மணித்தியாலம் செலவானால் கூலி மட்டும் 1,000 ரூபா. லைனிங் துணி, நூல், கொளுக்கி, மின்சாரம் ஆகியவற்றை அதன்மேல் தனியாகக் கூட்ட வேண்டும். அளவு எடுக்கும் நேரத்தையும் திருத்தித் தரும் நேரத்தையும் சேர்க்க மறந்தால் கணக்கு மீண்டும் கவிழும். இங்கே நான் வைத்தவை எடுத்துக்காட்டு எண்கள். உங்கள் எண்களை நீங்களே இட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: உங்கள் ஊரில் இரு சந்தைகள் இருக்கின்றன. நம் கல்யாண வீடுகளுக்கு ஆரி வேலைப்பாடு செய்த பிளவுஸ் வேண்டும். சிங்கள ஆசிரியைகளுக்கு ஆண்டு முழுவதும் ஒசரிக்கான (சிங்கள முறையில் உடுத்தும் சேலைக்கான) ஜாக்கெட் வேண்டும். முன்னதில் ஒரு துண்டுக்கு வரும் பணம் அதிகம், ஆனால் முகூர்த்த மாதங்களில் மட்டும். மற்றையதில் பணம் குறைவு, ஆனால் மாதந்தோறும். நானாக இருந்தால் இரண்டாவதை அரிசிக்கும் முதலாவதைச் சேமிப்புக்கும் வைத்துக்கொள்வேன்.

மாத்தளை: மூன்று மாதத்தில் ஃபெஷன் டிப்ளோமா, வேலை நிச்சயம் என்று விளம்பரம் பார்த்தேன். சேரலாமா?

என்.வி.கியூ. மட்டங்களில் டிப்ளோமா என்பது ஐந்தும் ஆறும். மூன்று, நான்கு ஆகியவை சான்றிதழ்கள். அந்தப் பாடநெறி எந்த மட்டம் என்றும், மூன்றாம் நிலை மற்றும் தொழிற் கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா என்றும் கேளுங்கள். பதில் வழுக்கினால் காசைக் கட்டாதீர்கள்.

தலவாக்கலை: ஜோர்தான் கார்மண்டுக்குப் போகலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார்.

ஜோர்தானிலுள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் இலங்கையர் வேலை செய்வது உண்மை. தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி பொறுப்பானால் சேமிப்பும் ஆகும். முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதைப் பணியகத்திடமே உறுதிப்படுத்துங்கள். முகவர் காட்டும் போட்டோப் பிரதியை நம்ப வேண்டாம். சுற்றுலா வீசாவில் போகச் சொன்னால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கண்டி: அமெரிக்க வரி வந்துவிட்டதே, இந்தத் தொழில் நிலைக்குமா?

ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டொலர் ஏற்றுமதி வருமானம் தரும் தொழில் ஓராண்டில் மறைந்துவிடாது. ஆயினும் ஆட்டம் காணும். ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் எனும் இறக்குமதி வரிச் சலுகையை நாம் 2010 இல் இழந்து 2017 இல் மீண்டும் பெற்றோம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்த 44 வீத வரி, பேச்சுவார்த்தைக்குப் பின் ஓகஸ்டில் 20 வீதமானது. இப்படி அடி விழும்போது முதலில் மூடப்படுபவை ஒரே வாங்குபவரை நம்பிய, எளிய ஆடைகளைத் தைக்கும் சிறு தொழிற்சாலைகள். நேர்முகத்துக்குப் போகும்போது அங்கே எத்தனை நாட்டவர்க்கு, என்ன வகை ஆடை தைக்கப்படுகிறது என்று நீங்களும் ஒரு கேள்வி கேட்கலாம்.

இராகலை: கல்யாணத்துக்காக வேலையை விடுகிறேன். எனக்கு என்ன வரவேண்டும்?

உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்கும், முதலாளியின் 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் போயிருக்க வேண்டும். 30,000 ரூபாவுக்கு அது மாதம் 2,400, 3,600, 900 ரூபா. திருமணத்துக்காக வேலையை விடும் பெண் சேமலாப நிதியை ஐம்பது வயதுவரை காத்திராமல் எடுக்கலாம். பதினைந்து பேருக்குக் குறையாத தொழிலகத்தில் ஐந்து ஆண்டுகள் நிறைந்திருந்தால் ஆண்டுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் உண்டு. உங்களுக்கு நான்கு ஆண்டும் பத்து மாதமும் ஆகியிருந்தால், தங்கை, கல்யாணத் திகதியை மாற்ற வேண்டியதில்லை. இராஜினாமாக் கடிதத்தின் திகதியை மட்டும் இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள்.